சிங்கப்பூரில் கதவு, துபாயில் செக்

வெளிநாட்டு வேலைக்கான கடிதம் கைக்கு வந்ததும் வீட்டில் நடக்கும் முதல் காரியம், சம்பளத்தை ரூபாயால் பெருக்கிப் பார்ப்பது. வாடகை இவ்வளவு இருக்கும் என்று யாரோ சொன்ன தொகையை அதிலிருந்து கழிப்பதும் உண்டு. அந்தத் தொகை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் புதிதாக வருகிறவரைத் திணறடிக்கும் விஷயங்கள் அந்தத் தொகைக்குள் இருப்பதில்லை. வீட்டை நமக்குத் தருவார்களா, பணத்தை எத்தனை தவணையில் கேட்பார்கள், அடுத்த வருடம் எவ்வளவு ஏற்றுவார்கள், வேலை போனால் பாதியில் எப்படிக் காலி செய்வது என்பவை விமானம் ஏறிய பிறகே தலையில் வந்து இறங்குகின்றன.

இதை விளக்கச் சிங்கப்பூரையும் துபாயையும் எடுத்துக்கொள்வது தமிழர்களுக்குப் பொருத்தம். தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் இந்த இரண்டு ஊரிலும் ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரண்டும் வெளிநாட்டுத் தொழிலாளரை நம்பி ஓடும் நகரங்கள். இரண்டிலும் குடியிருக்கும் உரிமை வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. இவ்வளவு ஒற்றுமை இருந்தும் வாடகை விஷயத்தில் இவை கிட்டத்தட்டத் தலைகீழானவை. சிங்கப்பூர் வாசலில் நிறுத்தி ஆளை விசாரிக்கிறது. உள்ளே விட்ட பிறகு விலையைச் சந்தையின் கையில் கொடுத்துவிடுகிறது. துபாய் ஆளைப் பற்றி அதிகம் கேட்பதில்லை, பணத்தை மொத்தமாகக் கேட்கிறது. உள்ளே வந்தவரின் வாடகையைப் பிறகு சட்டம் போட்டுப் பிடித்துவைக்கிறது. குடும்பத்தோடு சில வருடம் இருக்க நினைப்பவருக்குத் துபாயின் சட்டம் மேல் என்றும், எப்போது கிளம்ப நேரும் என்று தெரியாதவருக்குச் சிங்கப்பூரின் ஒப்பந்தம் மேல் என்றும் நான் கருதுகிறேன்.

வித்தியாசத்தின் வேர் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்கள், நிரந்தரவாசிகள் குடும்பங்களில் பத்தில் சுமார் ஒன்பது சொந்த வீட்டில் வசிக்கின்றன. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் இருப்பது, 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில். வீவக வீடு என்றால் அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்த வீட்டை வாங்கியவர் ஐந்து ஆண்டாவது அதில் குடியிருந்த பிறகுதான் முழுவதுமாக வாடகைக்கு விடலாம். அதுவும் குடிமகனாக இருந்தால்தான். நிரந்தரவாசிக்கு அந்த உரிமை கிடையாது. ஆகவே வீட்டைக் காட்டக் கதவைத் திறப்பவர் பெரும்பாலும் அந்த அடுப்பில் சமைத்தவர், அந்த அறையில் பிள்ளை வளர்த்தவர்.

துபாயில் குடியிருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். அங்கே வாடகைக்கு இருப்பது யாருக்கும் தாழ்வில்லை. வங்கி மேலாளரும் வாடகைக்காரர், அவர் அலுவலகத்துக்குத் தேநீர் கொண்டுவருபவரும் வாடகைக்காரர். 2002இலிருந்து குறிப்பிட்ட பகுதிகளில் வெளிநாட்டவரும் வீடு வாங்கலாம் என்று ஆனபின், மரீனா, ஜுமைரா லேக் டவர்ஸ் போன்ற இடங்களில் வீட்டுக்காரர் மும்பையிலோ லண்டனிலோ இருக்கலாம். கராமா, தேரா போன்ற பழைய பகுதிகளில் முழுக் கட்டடமும் ஒரே முதலாளியுடையதாக இருக்கும். அதை ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். வீட்டைத் திறந்து காட்டுவது கீழே உட்கார்ந்திருக்கும் நாத்தூர் என்ற காவலாளி. அவருக்கு உங்கள் சமையலைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை.

சமையல் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. செங்காங்கில் ஒரு வீடு பார்க்கப் போனபோது படுக்கையறை, குளியலறை எல்லாவற்றையும் முகவரே சுற்றிக் காட்டினார். சமையலறைக்கு மட்டும் வீட்டுக்கார அம்மா கூடவே வந்தார். அடுப்புக்கு மேலே இருந்த புகை உறிஞ்சியின் வடிகட்டித் தகட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். துளி எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. சமையல் மேடை நல்ல வெள்ளை. "தினமும் சமைப்பீர்களா?" என்று முகவரைக் கேட்கச் சொன்னார். ஆமாம் என்றதும், மேடையைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். வீடு கிடைக்கவில்லை. வெள்ளை மேடையில் மஞ்சள் தூள் பட்டால் கறை போகாது என்பது உண்மைதான்; அவர் மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனாலும் அதே அடுப்பில் தினமும் மீன் பொரிக்கப்போகும் இன்னொருவரிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்குமா என்ற எண்ணம் மின்தூக்கியில் கீழே இறங்கும்போது வரத்தான் செய்தது.

அது என் கற்பனை அன்று. இந்தியர்களுக்கும் சீனாவிலிருந்து வருபவர்களுக்கும் வீடு இல்லை என்று வெளிப்படையாகவே விளம்பரம் போடுகிற வழக்கம் அங்கே இருந்தது. 2014இல் பிபிசி இதைப் பற்றி எழுதியபோது உலகமே படித்தது. சொத்து முகவர்களை ஒழுங்குபடுத்த 2010இல் ஏற்பட்ட மன்றம், இனத்தைக் குறிப்பிட்டு விளம்பரம் போடக் கூடாது என்று முகவர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. விளம்பரத்தில் அந்த வரி குறைந்தது. 'லைட் குக்கிங் மட்டும்' என்ற வரி வந்தது. முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் முதல் செய்தியே எத்தனை பேர், எந்த நாடு, எந்த வேலை பாஸ், சமையல் உண்டா என்ற நான்கு கேள்விகளாக இருக்கும். இதில் பாஸைக் கேட்பதை நான் குறை சொல்லமாட்டேன். வாடகைக்கு வருபவர் சட்டப்படி நாட்டில் இருக்கிறாரா என்று சரிபார்க்கும் பொறுப்பு வீட்டுக்காரருக்கு உண்டு. தவறினால் தண்டனையும் உண்டு. மற்ற கேள்விகளுக்கு அந்தச் சமாதானம் இல்லை. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஊர், தீபாவளிக்குப் பொதுவிடுமுறை விடும் ஊர், வாடகை வீட்டு வாசலில் இப்படி இருப்பது வலிக்கிறது. நம் ஊரில் சாதியைச் சுற்றிவளைத்துக் கேட்டு, அசைவமா என்று நேராகக் கேட்டு, முஸ்லிம் குடும்பத்துக்கு வீடு இல்லை என்று திருப்பி அனுப்பும் வீட்டுக்காரர்களைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டுச் சிங்கப்பூரில் மட்டும் கோபப்படுவது நியாயமும் இல்லை. இரண்டுமே தவறு.

வீட்டுக்காரர் சம்மதித்தாலும் கோட்டா குறுக்கே நிற்கலாம். முழு வீவக வீட்டை வாடகைக்கு எடுப்பதில், மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு வட்டாரத்தில் 8 சதவீதம், ஒரு புளோக்கில் 11 சதவீதம் என்று 2014இலிருந்து உச்சவரம்பு இருக்கிறது. வெளிநாட்டவர் ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாது என்பது அரசின் நோக்கம். அலுவலகத்துக்குப் பக்கத்தில் நல்ல வீடு, நல்ல வாடகை, எல்லாம் கூடிவந்த பிறகு புளோக் எண்ணைப் போட்டுப் பார்த்து 'கோட்டா முடிந்துவிட்டது' என்று முகவர் சொல்வார். முதலில் புளோக் எண்ணை வாங்கிச் சரிபார்த்துவிட்டு வீடு பார்க்கப் போவது அலைச்சலை மிச்சப்படுத்தும். தனியறை எடுப்பவருக்கு இந்த வரம்பு இல்லை. கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடிக்கும் இல்லை. விண்ணப்பிக்கும் நாளில் வேலை பாஸ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்ற விதியையும் நினைவில் வைக்க வேண்டும். புதுப்பிக்கும் தருவாயில் வீடு மாறுபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

துபாய் வாசலில் இப்படிப்பட்ட கோட்டா ஏதும் கிடையாது. குடும்பமா பேச்சிலரா என்பது ஒன்றுதான் பெரிய கேள்வி. பேச்சிலர்களுக்குக் கொடுக்காத கட்டடங்கள் ஏராளம். நாட்டைக் கேட்பது பங்கு அறைகளில்தான் அதிகம்: தமிழர் மட்டும், மலையாளிகள் மட்டும், பிலிப்பினோ பெண்கள் மட்டும் என்று பக்காலா எனும் மளிகைக்கடைச் சுவரிலும் பஸ் நிறுத்தத்திலும் சீட்டு ஒட்டியிருக்கும். முழு வீடு எடுப்பவரிடம் அவர் பூர்வீகம் பற்றி யாரும் கேட்பதில்லை. அங்கே கேள்வி, "எத்தனை செக்?"

துபாயில் வாடகை வருடக் கணக்கு. அந்த வருட வாடகையை ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு என்று முன்தேதியிட்ட செக்குகளாகப் பிரித்து, எல்லாவற்றையும் ஒப்பந்த நாளிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒரே செக்காகக் கொடுத்தால் வீட்டுக்காரர் வாடகையைச் சற்றுக் குறைப்பார்; எண்ணிக்கை கூடக்கூட முகம் சுருங்கும். ஊரில் செக் என்பதையே மறந்துபோன தலைமுறை, ரியல் எஸ்டேட் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று தேதி போடும்போது கை நிதானமாகத்தான் நகரும். பணம் பெறும் நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அடுத்த தாளில் எழுத வேண்டும். கையெழுத்து வங்கியில் கொடுத்த மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும். எழுதி முடித்ததும் ஊழியர் எல்லாச் செக்குகளையும் வரிசையாகப் பரப்பி நகலெடுத்து, நகலின் கீழே உங்களிடமே ஒரு கையெழுத்து வாங்குவார். அக்டோபரில் வேலையில் இருப்போமா என்று தெரியாமலே அக்டோபர் வாடகைக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

முன்பெல்லாம் அந்தச் செக் பணமில்லாமல் திரும்பினால் அது குற்ற வழக்கு. போலீஸ், பயணத் தடை, சிறை என்று போகும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது பெரும்பாலும் சிவில் விவகாரம். கணக்கில் இருக்கும் அளவுக்கு வங்கி பகுதிப் பணம் கொடுக்க வேண்டும். மீதிக்கு வீட்டுக்காரர் நேராக வசூல் நடவடிக்கைக்குப் போகலாம். பயம் குறைந்திருக்கிறது, பொறுப்பு குறையவில்லை.

நுழையும் நாளில் கையில் எவ்வளவு வேண்டும் என்று ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். துபாயில் வருட வாடகை 72,000 திர்ஹம், நான்கு செக் என்று வைத்துக்கொண்டால் முதல் செக் 18,000. சாமான் இல்லாத வீட்டுக்கு வைப்புத்தொகை வழக்கமாக 5 சதவீதம், அதாவது 3,600. முகவர் கமிஷனும் வழக்கமாக 5 சதவீதம், இன்னொரு 3,600. மின்சாரம், தண்ணீருக்கு 'தேவா'வில் அடுக்குமாடி வீட்டுக்கு 2,000 வைப்பு. வாடகை ஒப்பந்தத்தை அரசிடம் பதியும் எஜாரிக் கட்டணம், கமிஷன் மீதான வரி எல்லாம் சேர்த்தால் 27,500ஐத் தொடும். மாதக் கணக்கில் பார்த்தால் இது நாலரை மாத வாடகைக்கு மேல். ஒரே செக் கேட்கும் வீட்டுக்காரர் வாய்த்தால் 81,000க்கு மேல் முதல் நாளே வேண்டும். இதற்குப் பிறகு, வருட வாடகையில் 5 சதவீதம் வீட்டுவசதிக் கட்டணமாக மாதாமாதம் தேவா பில்லிலேயே ஏறி வரும். இந்த உதாரணத்தில் மாதம் 300. இதை முன்கூட்டிச் சொல்லும் முகவர் குறைவு.

சிங்கப்பூரில் மாதம் 3,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) இரண்டு வருட ஒப்பந்தம் என்றால், முதல் மாத வாடகை 3,000, இரண்டு மாத வைப்புத்தொகை 6,000, முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 சதவீதம், அதாவது 288. மொத்தம் 9,288 வெள்ளி. மூன்று மாத வாடகையைச் சற்றே தாண்டுகிறது. முகவர் கமிஷன் யார் தருவது என்பது பேச்சில் முடிவாகும். ஒரே முகவர் இரண்டு தரப்புக்கும் வேலை செய்யக் கூடாது. வீவக வாடகைப் பணத்தை முகவர் கையால் தொடவே கூடாது. பணத்தைத் தன் கணக்குக்கு அனுப்பச் சொல்லும் 'முகவர்' மோசடிப் பேர்வழி என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிடலாம். முன்பு சொன்ன சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் அவருடைய பதிவெண்ணைத் தேடிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பணம் போடுகிற கட்டத்தில் சிங்கப்பூர் புதியவரை நன்றாகவே காக்கிறது.

துபாயில் புதியவருக்கு இன்னொரு சுழல் காத்திருக்கிறது. வீடு எடுக்கச் செக் புத்தகம் வேண்டும். அதற்கு வங்கிக் கணக்கு, கணக்குக்கு எமிரேட்ஸ் ஐடி, ஐடிக்குக் குடியிருப்பு விசா. விசா வேலை முடியச் சில வாரம் ஆகும். அதுவரை ஓட்டலிலோ தெரிந்தவர் அறையிலோ காலம் தள்ள வேண்டும். குடும்பத்தை வரவழைப்பதற்கோ பதிவு செய்த எஜாரி ஒப்பந்தம் வேண்டும். எனவே வீடு முந்தி, மனைவி மக்கள் பிந்தி. சம்பள வரம்பு மட்டும் அங்கே எளிது: மாதம் 4,000 திர்ஹம், அல்லது நிறுவனம் தங்குமிடம் தந்தால் 3,000. சிங்கப்பூரில் குடும்பத்தை அழைத்துவர மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வேண்டும். நல்ல படிப்புள்ள இளைஞர்கள் பலரும் அந்தக் கோட்டுக்குக் கீழே தனியறையில் ஆண்டுகளைக் கழிப்பது இதனால்தான்.

இனி, புதுப்பிக்கும் நாள். இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், ஏனென்றால் பள்ளி மாற்றம், வீடு மாற்றம் என்று குடும்பங்கள் சிதறுவது இந்தக் கட்டத்தில்தான்.

துபாயில் 2007ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம், அதைத் திருத்திய 2008ஆம் ஆண்டின் 33ஆம் சட்டம், 2013ஆம் ஆண்டின் 43ஆம் ஆணை ஆகிய மூன்றும் சேர்ந்து வாடகை ஏற்றத்துக்கு அளவு வைத்திருக்கின்றன. உங்கள் வாடகை அந்தப் பகுதியின் சராசரியைவிட 10 சதவீதம் வரை குறைவாக இருந்தால் ஒரு திர்ஹம்கூட ஏற்ற முடியாது. 11 முதல் 20 சதவீதம் குறைவென்றால் 5 சதவீதம் ஏற்றலாம். 21 முதல் 30 வரை என்றால் 10. 31 முதல் 40 வரை என்றால் 15. அதற்கும் கீழே இருந்தால் அதிகபட்சம் 20. நம் உதாரணத்தில் சராசரி 80,000 என்றால் ஏற்றம் இல்லை. சராசரி 1,00,000க்கே போய்விட்டாலும், 72,000 கட்டுபவருக்கு ஏறுவது 7,200தான். சராசரி எது என்பதை வீட்டுக்காரர் சொல்ல வேண்டியதில்லை. நிலத்துறையின் குறியீட்டில் யாரும் பார்க்கலாம். 2025 ஜனவரியிலிருந்து அது கட்டடத்தின் தரத்தையும் கணக்கில் எடுக்கும் புதிய குறியீடாக மாறியிருக்கிறது. ஒப்பந்தத்தில் எதை மாற்றுவதானாலும் 90 நாள் முன்னறிவிப்பும் வேண்டும்.

இதை மீற நினைக்கும் வீட்டுக்காரர்கள் இல்லாமலில்லை. வீட்டை விற்கப்போகிறேன், என் பிள்ளை குடிவரப்போகிறான் என்று காலி செய்யச் சொல்வது வழக்கமான வழி. சட்டம் அதற்கும் பதில் வைத்திருக்கிறது: நோட்டரி வழியாகவோ பதிவுத் தபாலிலோ 12 மாத நோட்டீஸ் தர வேண்டும்; சொந்தத் தேவைக்கென்று காலி செய்யவைத்த வீட்டை இரண்டு வருடத்துக்கு வேறு யாருக்கும் வாடகைக்கு விடக் கூடாது; விட்டால் பழைய வாடகைக்காரர் நஷ்டஈடு கேட்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் மிரட்டலுக்குச் சட்ட மதிப்பு இல்லை. வழக்கை 2013இல் தொடங்கிய வாடகைத் தகராறு மையத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் வழக்குக் கட்டணம் வருட வாடகையில் 3.5 சதவீதம், அதைப் பார்த்தே பலர் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன். தோற்காத வழக்கைக் கட்டணத்துக்குப் பயந்து கைவிடுவதால்தான் வீட்டுக்காரர்களின் அந்த வழி இன்னும் பிழைத்திருக்கிறது.

சிங்கப்பூரில் இப்படி ஒரு தடுப்பே இல்லை. ஒப்பந்தக் காலத்துக்குள் வாடகை மாறாது. ஒப்பந்தம் முடிந்த மறுநாள் வீட்டுக்காரர் எவ்வளவும் கேட்கலாம். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கணக்குப்படி 2022 என்ற ஒரே ஆண்டில் தனியார் வீடுகளின் வாடகைக் குறியீடு 29.7 சதவீதம் ஏறியது. 3,000 வெள்ளி வாடகை அந்தச் சராசரிப்படி ஏறினால் 3,891. கோவிட் காலத்தில் கட்டுமானம் தாமதமானது, புது வீட்டுக்குக் காத்திருந்த உள்ளூர்க் குடும்பங்களும் வாடகைக்கு வந்தன, எல்லை திறந்ததும் வெளிநாட்டவரும் வந்து சேர்ந்தார்கள். 2023இல் ஏற்றம் 8.7 சதவீதமாகத் தணிந்து, 2024இல் சற்று இறங்கவும் செய்தது. சந்தை தானாகச் சரியாகிவிட்டதே என்று வாதிடலாம். சரியாவதற்குள் பிள்ளையின் பள்ளியை விட்டு, தீவின் மறுகோடிக்குக் குடிபோன குடும்பங்களுக்கு அந்த வாதம் உதவவில்லை. குடிமக்களில் பத்தில் சுமார் ஒன்பது பேர் சொந்த வீட்டில் இருக்கும் நாட்டில் வாடகைக்காரருக்காகக் குரல் கொடுக்கும் வாக்காளர்கள் குறைவு. அதனால்தான் இந்த இடம் சட்டம் தொடாத இடமாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கிளம்பும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. சிங்கப்பூரில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' என்ற விதியைச் சேர்ப்பது வழக்கம். பன்னிரண்டு மாதம் கழிந்த பிறகு வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, இரண்டு மாத நோட்டீஸில் அபராதமின்றி வெளியேறலாம். வீட்டுக்காரர் தன் முகவருக்குக் கொடுத்த கமிஷனில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திருப்பித் தரச் சொல்வார்கள். அது சிறிய தொகை. வைப்புத்தொகையைத் தர மறுத்தால், இரண்டு வருடத்துக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களுக்குச் சிறு உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம். துபாயில் ஒப்பந்தத்தின் நடுவே ஒருவர் மட்டும் முடிவெடுத்து விலகச் சட்டம் இடம் தரவில்லை. ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் உண்டு. பெரும்பாலும் இரண்டு மாத வாடகை அபராதமாகப் போகும். எழுதாவிட்டால் வீட்டுக்காரரின் மனசு. மீதிச் செக்குகள் அவர் பெட்டியில்தான் இருக்கும்.

இரண்டு நகரங்களுக்கும் பக்கத்தில் மலிவான ஓர் ஊர் உண்டு. துபாய்க்காரர்கள் பல்லாயிரம் பேர் ஷார்ஜாவில் குடியிருந்து, இத்திஹாத் சாலை நெரிசலில் காலையும் மாலையும் ஊர்ந்து வேலைக்குப் போய் வருகிறார்கள். அங்கே குடியிருக்கத் தனி விசா தேவையில்லை. சிங்கப்பூருக்கு மலேசியாவின் ஜொகூர் பாரு அப்படி. ஆனால் அந்த வசதி மலேசியர்களுக்கே இயல்பாக வாய்த்தது. இந்திய பாஸ்போர்ட்காரர் அங்கே குடியிருக்கத் தனி அனுமதி வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் சொந்தப் பெயரில் ஒப்பந்தம் போட முடிந்தவர்களின் கதை. கப்பல் பட்டறையிலும் கட்டுமானத்திலும் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளிக்குச் சிங்கப்பூரில் முழு வீவக வீடு எடுக்கும் உரிமையே இல்லை. கட்டுமானம், கப்பல்துறை, உற்பத்தி, ஆலைப் பராமரிப்பு ஆகியவற்றில் வேலை அனுமதி வைத்திருக்கும் மலேசியர் அல்லாதவரை விதி நேராகவே விலக்குகிறது. அவருக்கு முதலாளி தரும் விடுதிதான். 2020இல் அந்த விடுதிகளில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்: அந்த ஆண்டு டிசம்பரில் அரசே வெளியிட்ட கணக்கில், விடுதித் தொழிலாளர்களில் 47 சதவீதம் பேருக்குக் கோவிட் தொற்று ஏற்பட்டிருந்தது. அதன் பிறகு புதிய விடுதிகளுக்கு ஓர் அறையில் 12 பேருக்கு மேல் கூடாது, ஒருவருக்கு 4.2 சதுர மீட்டராவது வேண்டும் என்று தரம் வகுத்தார்கள். நல்ல மாற்றம், அவ்வளவு பெரிய விலை கொடுத்துத்தான் அது வந்திருக்கிறது.

துபாயில் அதே நிலையில் இருப்பவர் முஹைஸ்னாவிலோ அல் கூஸிலோ கேம்ப்பில் இருப்பார். கேம்ப் இல்லாத சிறு கம்பெனி ஊழியர், கடைப் பையன், டெலிவரி ஓட்டுபவர் எல்லோரும் போவது பெட்ஸ்பேஸுக்கு. ஹாலை ஜிப்சம் பலகையால் நான்காகத் தடுத்து, ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு வாடகை. தடுப்புக்குள் இரண்டடுக்குக் கட்டில், கட்டிலுக்கு ஒரு வாடகை. ஜன்னல் ஒருவர் பக்கம் போய்விட, மற்ற மூன்று தடுப்புக்கும் ஏசி காற்று பலகையின் மேல் இடைவெளி வழியாக வந்தால் உண்டு. இதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. 2025 ஜூனில் ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா, ரஃபா பகுதிகளில் நகராட்சி இறங்கித் தடுப்புகளை அகற்றியது. தீ விபத்தை நினைத்தால் அந்த நடவடிக்கையை எதிர்க்க முடியாது. ஆனால் கட்டிலை இழந்தவர் அந்தச் சம்பளத்தில் வேறு எங்கே போவார் என்பதற்குச் சந்தையில் பதில் இல்லை. வருட வாடகைச் சட்டத்தின் நல்ல பிரிவுகள் எதுவும் அவரைத் தொடுவதில்லை. அவர் பெயரில் எஜாரி இல்லை, ரசீதும் இல்லை.

விசாவைத் தன் கையில் வைத்திருக்கும் நிறுவனம், வீடு என்று வந்ததும் அது உங்கள் சொந்த விஷயம் என்று ஒதுங்கிக்கொள்வதை இரண்டு ஊரிலும் பார்க்கிறேன். பேரம் பேச வேண்டிய இடம் வேலைக்கடிதம். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு. துபாய் போகிறவர் வீட்டு அலவன்ஸைப் பன்னிரண்டு துண்டாகத் தராமல் வருட முன்பணமாகத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும், அல்லது முதல் வருடத்துக்கு நிறுவனத்தின் செக்கையே கேட்க வேண்டும். பல நிறுவனங்கள் கேட்டால் தருகின்றன, கேட்காதவருக்குச் சொல்வதில்லை. வாடகை ஒப்பந்தத்தில் வேலை போனால் வெளியேறும் பிரிவையும் அபராதத் தொகையையும் எழுதிவாங்க வேண்டும். சிங்கப்பூர் போகிறவர் வீடு தேட ஒரு மாதத் தங்குமிடத்தையும், மனிதவளப் பிரிவிலிருந்து ஓர் அறிமுகக் கடிதத்தையும் கேட்கலாம். சம்பளத்தையும் நிறுவனத்தையும் உறுதிசெய்யும் அந்தத் தாள் தயங்கும் வீட்டுக்காரரைச் சில நேரம் மாற்றுகிறது. டிப்ளமேட்டிக் கிளாஸ் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்றும் படிக்க வேண்டும். 'இடமாற்றம்' என்று மட்டும் இருந்தால் ஆட்குறைப்பில் வேலை இழந்தவருக்கு அது உதவாது. வேலை பாஸ் ரத்தானாலும் புதுப்பிக்கப்படாவிட்டாலும் செல்லும் என்ற வரி அதில் இருக்க வேண்டும், ஏனென்றால் பாஸ் ரத்தான பிறகு அந்த நாட்டில் இருக்கக் கிடைப்பது பொதுவாக 30 நாள்.